கேம்பர் வானில் காஸ் மெல்ல வந்தால்

தம்பி, கசூரினா கடற்கரைக்குப் போன இடத்தில் கேம்பர் வானின் காஸ் அடுப்பு மெழுகுதிரி போல எரிந்தது, சிலிண்டரோ புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு அடுப்பு மட்டும் மங்கலா, இரண்டுமா? ஒன்றென்றால் ஜெட்தான், அதாவது அடுப்புக்குள் காஸ் வரும் சின்னத் துளையுள்ள முனை, அதைச் சிலந்தி வலையோ குளவி மண்ணோ அடைத்திருக்கும். சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு ஜெட்டைக் கழற்றி ஊதுங்கள், கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். இரண்டுமென்றால் குழாயைப் பாருங்கள். எங்கள் வானில் பலகைக்குப் பின்னால் அது மடிந்து நசுங்கிக் கிடந்தது, ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க அரை மணித்தியாலம் போனது. அதுவும் சரியென்றால் ரெகுலேட்டர், அதன் சின்ன மூச்சுத் துளை கடல் உப்பிலும் தூசியிலும் அடைபடும். அதைத் தட்டிக் கொட்டித் திருத்தப் பார்க்காதீர்கள், அடுப்பில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 30 மில்லிபார், பொருந்துகிற புதியதை வாங்கிப் போடுங்கள். அப்புறம் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசுங்கள், குமிழி வந்தால் பற்றவைக்கவே வேண்டாம்.