முதல் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. இரண்டாவது கர்ப்பத்தில் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தால் போதுமா?

போதாது, தங்கச்சி. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மூத்தவனுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ, அதாவது இதயத்தில் ஓட்டையோடு நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகியிருக்கும் குறை. கோலாலம்பூரில் ஐஜேஎன் என்ற தேசிய இதய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. இளையவள் வயிற்றில் இருந்தபோது இதே கேள்வியோடுதான் அலைந்தோம்.

தனியார் கிளினிக்கில் உங்களுக்குச் சொன்ன ரத்தச் சோதனைக்கு நிப்ட் என்று பெயர், 10 வாரத்துக்கு மேல் தாயின் ரத்தத்தில் எடுப்பது. டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) கோளாறுக்கு வாய்ப்புண்டா என்று சொல்லும், அதையும் உறுதியாகச் சொல்லாது. உறுதிக்கு 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு, உண்மைதான். ஆனால் இதயக் குறையோடு பிறப்பவர்களில் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் நன்றாகவே இருக்கும். அதனால் நிப்ட் நல்லபடியாக வந்தாலும் இதயம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதயத்தைப் பார்ப்பது கருவின் எக்கோ ஸ்கேன். 18 முதல் 22 வாரத்துக்குள் செய்வார்கள், வழக்கமான ஸ்கேனைவிட நேரம் பிடிக்கும். பிள்ளை முதுகைக் காட்டிப் படுத்திருந்ததால், என் மனைவியைக் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. நீலத்தைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூத்தவன் உதடு நீலமாகிப் போனதைப் பார்த்தவள் அல்லவா? அது ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் நிறம்தான், கெட்ட ரத்தம் இல்லை என்று டாக்டர் நிதானமாக விளக்கினார்.

மரபணுச் சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூத்த பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள். 22வது குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருந்தால் சில வகை இதயக் குறைகள் வரும், ஃபாலோவும் அதில் ஒன்று. பிள்ளைக்கு அது இருந்தால் பெற்றோரையும் சோதிப்பார்கள். உங்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த விடுபடல் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காரணம் எதுவும் கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கும் இதயக் குறை வரும் வாய்ப்பு, வகையைப் பொறுத்து, பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 வரைதான்.

சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் இதயக் குறைக்கு ஒரு காரணம். மாமியாரோ அக்கம்பக்கமோ உங்களைக் குறை சொன்னால் காதில் வாங்காதீர்கள். எங்கள் லயத்தில் கிரகணத்தைக்கூடக் காரணமாகச் சொன்னார்கள். ஒரு தாயை அப்படி நோகடிப்பது பெரிய கொடுமை.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) கர்ப்பத்தைப் பதியும் பிங்க் புத்தகம் போடும் முதல் நாளே மூத்த பிள்ளையின் விவரத்தை மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்லி எழுத வையுங்கள். எக்கோவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கி, நாள் கிடைக்க நேரமாகும். சில குறைகளுக்குப் பிறந்த உடனேயே மருந்து ஏற்ற வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் இதய டாக்டர் இருக்கும் இடத்திலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம்.