வாசகர் கேள்வி: பாழடைந்த ஈயச் சுரங்கத்தைச் சுத்தம் செய்யலாமா?

கேள்வி: பிரிட்டோரியாவுக்குக் கிழக்கே எங்கள் உறவினர் நிலத்தில், நூறு ஆண்டுக்கும் முன்பே கைவிட்ட ஈயச் சுரங்கம் கிடக்கிறது. கோவில் இளைஞர்களோடு போய்ப் புதரை வெட்டி, இடிந்த சூளைச் சுவரைச் சிமென்ட் வைத்துக் கட்டி, தமிழ்ப் பள்ளிக்கு ஒரு தாதுக்கல் எடுத்துவர எண்ணுகிறோம். (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: அனுமதி கைக்கு வரும்வரை எதையும் தொடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் தேசிய மரபுவளச் சட்டம் (1999, எண் 25) 100 ஆண்டைத் தாண்டிய, புழக்கத்தில் இல்லாத மனித வேலையின் எச்சத்தைத் தொல்லியல் பொருளாகவே பார்க்கிறது. அறிவிப்புப் பலகை இல்லை, சொந்த நிலம் என்ற வாதமெல்லாம் எடுபடாது. கல்லைப் பெயர்க்க, எடுத்துப்போக 35-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். மெட்டல் டிடெக்டரை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதற்கே அனுமதி வேண்டும். 60 ஆண்டைத் தாண்டிய கட்டடத்தில் கைவைக்க 34-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும்.

நீங்கள் குப்பை என்று வாரப்போகும் கசடுதான் (தாதுவைச் சூளையில் உருக்கி ஈயம் எடுத்தபின் மிஞ்சும் கழிவு) அங்கே முக்கியமான சாட்சி. உடைத்த இடம் கண்ணாடிபோல் மினுங்கினால் உருகிய கசடு சீக்கிரம் ஆறியிருக்கிறது. அதில் எவ்வளவு ஈயம் தங்கியிருக்கிறது என்று சோதித்தால் சூளைக்காரரின் கைவேலை தெரியும். இடம் மாற்றிக் கொட்டினால் எந்தக் கசடு எந்தச் சூளையுடையது என்பது போய்விடும்.

சிமென்ட் வேண்டவே வேண்டாம். பழைய செங்கல்லைவிட அது கடினம், ஈரத்தை வெளியே விடாது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து முகத்தை உதிர்த்துவிடும். அனுமதி கிடைத்தால் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. பூசியபின் சில நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். புதரைத் தரையோடு அறுக்கலாம், வேரைப் பிடுங்கினால் சுவரும் கூடவே வரும்.

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

பதில்: சின்னப் பிள்ளைகள் வேண்டாம். ஈயத் தூசி கைவழியே வாய்க்குப் போகும். சானிடைசர் அதைப் போக்காது, சோப்பும் தண்ணீரும்தான். பெரியவர்களும் குழிவாயை நெருங்கக்கூடாது. குழிமேல் போட்ட, மண் மூடிய மரப்பலகை உளுத்துப்போயிருக்கும், பார்வைக்குத் தரைபோலவே தெரியும். சுரங்கத்துக்குள் கந்தகத் தாதுவும் அழுகும் மரமும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மூக்குக்குத் தெரியாது. திரும்பும்போது சப்பாத்தைப் பையில் கட்டிப் பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்னால் போடுங்கள். அன்று போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.