காலையில் ஜிம் போய் வந்தால் பதினொரு மணிக்கே கண் சொக்குகிறதே, ஏன்?

பழியை, பயிற்சியின்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலத்தின் மேல் போடாதீர்கள். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் வடிந்துவிடும். மறுநாள் பிடிக்கும் வலியும் அதனால் அல்ல, தசை நார்களில் விழும் நுண்ணிய கிழிசல்களால்.

வெறும் வயிற்றில் பளு தூக்கிவிட்டு, ஒரு காபியோடு வேலைக்குக் கிளம்புகிறவர்களைத்தான் இந்தச் சோர்வு அதிகம் படுத்துகிறது. உடல் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது: தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100. இரவுத் தூக்கத்திலேயே கல்லீரல் இருப்பு பெருமளவு கரைந்துவிடும். மிச்சத்தை நீங்கள் ஜிம்மில் செலவழிக்கிறீர்கள். எனவே அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நாலு இட்லி, சாம்பார், இரண்டு அவித்த முட்டை. கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் கிடைத்துவிடும்.

அடுத்தது வியர்வை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 800 கிராம் குறைந்திருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் 1 முதல் 1.2 லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். உப்புப் போட்ட நீர்மோர் உடலில் தங்கும். (ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் உப்பளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ட்ரெட்மில்லைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கித் தலை கிறுகிறுக்கும். கடைசி 5 நிமிடம் மெதுவாக நடங்கள்.

இரண்டு வாரம் சரியாகச் சாப்பிட்டுத் தூங்கியும் அசதி போகவில்லையா? ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பரிசோதியுங்கள். கடும் தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.