பஸ் நுழையாத வியன்னா

கேள்வி: போன கோடையில் அப்பா, அம்மாவோடு வியன்னா போயிருந்தோம். கைடு வைத்த பஸ்ஸில் இரண்டே மணி நேரத்தில் ஓபரா, பாராளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் பார்த்தாயிற்று. எத்தனை நூற்றாண்டுப் பழமை! என் நண்பர் மட்டும், 'பஸ்ஸில் பார்த்தால் ஊரைப் பார்த்த கணக்கில் வராது' என்கிறார். இது வெறும் மேட்டிமைத்தனம்தானே?

பதில்: வயதானவர்களை பஸ்ஸில் கூட்டிப் போனதில் ஒரு தப்பும் இல்லை. அதை உங்கள் நண்பர் குறை சொல்லியிருந்தால் தவறு அவருடையதுதான். ஆனால் 'எத்தனை நூற்றாண்டுப் பழமை' என்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. நீங்கள் சொன்ன நான்கு கட்டடங்களில் மூத்தது ஓபரா. அது திறந்ததே 1869இல்தான். பாராளுமன்றமும் நகர மன்றமும் 1883, பல்கலைக்கழகக் கட்டடம் 1884. பாராளுமன்றத்துக்கு மக்களாட்சி பிறந்த கிரேக்கத்தின் தூண்கள், நகர மன்றத்துக்கு இடைக்கால வணிக நகரங்களை நினைவூட்டும் கோதிக் கோபுரம், பல்கலைக்கழகத்துக்கு மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் சாயல் என்று யோசித்து யோசித்துப் பழைய பாணிகளில் கட்டினார்கள். ஓபரா 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்து, 1955இல் மறுபடி திறந்தது. எல்லாமே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய வியன்னா இது இல்லை.

உங்கள் பஸ் ஓடிய ரிங் சாலை இருக்கும் இடத்தில் முன்பு கோட்டை மதிலும், அதற்கு வெளியே யாரும் வீடு கட்டக்கூடாத வெட்டவெளியும் இருந்தன. 1683இல் துருக்கியப் படைகள் முற்றுகையிட்டபோது ஊரைக் காத்த மதில் அது. 1857 டிசம்பரில் பேரரசர் பிரான்ஸ் யோசப் அதை இடிக்க உத்தரவிட்டார். காலியான நிலத்தில் ஒரு பகுதியைப் பணக்காரர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில்தான் பொதுக் கட்டடங்களை எழுப்பினார்கள். சாலை 1865இல் திறந்தது. ஆக, இரண்டு மணி நேரமும் நீங்கள் ஊரின் மதிலைச் சுற்றியிருக்கிறீர்கள், வாசலுக்குள் போகவில்லை. இதை உங்கள் கைடு சொல்லியிருந்தால் அந்த பஸ் பயணமே வேறு மாதிரி இருந்திருக்கும், சொல்லவில்லை போலிருக்கிறது.

ஓபரா பக்கத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஸ்டெபான் பேராலயம். 136 மீட்டர் உயரமுள்ள அதன் தெற்குக் கோபுரத்தை 1433இலேயே முடித்துவிட்டார்கள். நான் அதிக நேரம் நின்றது கோபுரத்தடியில் இல்லை, பெரிய வாசலுக்குப் பக்கத்தில். இடது பக்கச் சுவரில் நீளம் வேறுபடும் இரண்டு இரும்புக் கம்பிகள் பதித்திருக்கிறார்கள், துணி அளக்கும் முழக்கோல்கள். அந்தக் காலத்தில் கடைக்காரர் அளவில் ஏமாற்றினாரா என்று யார் வேண்டுமானாலும் துணியை அங்கே கொண்டுவந்து பிடித்துப் பார்க்கலாம். வலது பக்கம் 'ஓ5' என்று ஒரு கீறல். ஹிட்லர் ஆட்சிக்கு எதிராக இயங்கிய ஆஸ்திரியர்களின் ரகசியக் குறி. 'ஓ'வும் (O) ரோமன் எழுத்து வரிசையில் ஐந்தாவதான 'ஈ'யும் (E) சேர்ந்தால் ஆஸ்திரியாவின் ஜெர்மன் பெயரின் தொடக்கம், அந்தப் பெயரையே நாஜிகள் வரைபடத்திலிருந்து அழித்திருந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துப் போட்ட குறி. அதை எந்த பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பீர்கள்?

பக்கத்துத் தெரு கிராபன், பெயருக்கு அர்த்தமே அகழி. ரோமானியர் பாசறையைச் சுற்றி வெட்டிய அகழியைத்தான் 1200 வாக்கில் தூர்த்துத் தெருவாக்கினார்கள். அதன் கோடியில் தொடங்கும் நாக்லர்காஸ் நேராகப் போய்ச் சட்டென்று வளைகிறது. அந்தப் பாசறை மதிலின் முனை அங்கே வளைந்திருந்தது, தெரு இன்றும் அதே வளைவில் திரும்புகிறது. காலால் நடந்தால்தான் அது உறைக்கும்.

அப்பா, அம்மாவால் நடக்க முடியாதே என்பீர்கள். சரி, அடுத்த முறை மெட்ரோவில் போங்கள். ஸ்டெபான்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, மேலே வந்தால் பேராலயம் எதிரிலேயே நிற்கும். அவர்களை நிழலாகப் பார்த்து உட்காரவையுங்கள். அப்புறம் அம்மாவின் துப்பட்டாவை வாங்கிப் போய் அந்தக் கம்பியில் ஒருமுறை அளந்து பாருங்கள்.