உள்தையலில் இருக்கும் துணி

வணக்கம். கோவையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பள்ளிக்கு உடுத்திச் செல்ல, பிறர் உடுத்திய பருத்திக் குர்தாக்களையும் புடவைகளையும் வாங்கிச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ‘யார் உடுத்தியதோ, செத்தவர் துணியாகக்கூட இருக்கலாம்’ என்று அம்மா வருந்துகிறார். ஆசையாக வாங்கிய கைத்தறிக் குர்தா ஒன்று மார்பில் பிடிக்கிறது. தையல்காரர் முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதைப் பார்த்து வாங்குவது? அம்மாவுக்கு என்ன சொல்வது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவின் வருத்தத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். அக்காவின் பாவாடையைத் தங்கை உடுத்துவதில் நம் வீடுகளில் யாரும் குறை கண்டதில்லை. அதே துணி வாசற்படியைத் தாண்டும்போதுதான் அதன் பொருள் மாறியது. பண்ணை வீட்டார் உடுத்திக் கழித்த வேட்டியும் புடவையும் வயலில் உழைத்தவர்களுக்குப் போயின; இறந்தவரின் துணி ஈமச்சடங்கில் வேலை செய்தவர்களுக்குப் போயிற்று. இப்படிப் பழந்துணி மேலிருந்து கீழே மட்டுமே இறங்கியதால், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே இறங்கிற்று. அம்மா அஞ்சுவது அந்தத் தாழ்வைத்தான் என்று எனக்குப் படுகிறது. கானாவின் தலைநகரான அக்ராவில், கந்தமந்தோ சந்தைக்கு மேலை நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழந்துணிக்கு ‘ஒப்ரோனி வாவு’ என்று பெயர்; இறந்துபோன வெள்ளைக்காரரின் உடை என்று பொருள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடிருப்பவர் கழித்துவிடுவாரா என்ற வியப்பில் பிறந்த பெயர் என்பார்கள். பெயர் அப்படியிருந்தும், அதே சந்தையில் உள்ள தையல்காரர்கள் அந்தத் துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தருகிறார்கள். மக்கள் விரும்பி உடுத்துகிறார்கள். நீங்களும் எவரிடமும் தானம் பெறவில்லை, தேர்ந்தெடுத்து விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வாங்கியதை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்த பிறகே பீரோவில் வையுங்கள். அவருக்கு அதுவும் ஆறுதலாக இருக்கும்.

வாங்கும்போது துணியை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தோள் சரியாக அமைய வேண்டும்; பக்கங்களைப் பிடித்துத் தைப்பது எளிது, தோளைக் குறைப்பதென்றால் கையையே கழற்றி மறுபடி வெட்ட வேண்டும். அக்குளையும், பட்டுப் புடவையானால் மடிப்பு வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை மெலிந்த இடம் ஊசி பட்டதும் கிழியும்.

குர்தாவைத் தையல்காரர் தைத்திருந்தால், உடம்பு கொஞ்சம் பூசினாலும் பிரித்துவிடலாம் என்ற முன்யோசனையோடு பக்கத்தையலின் உள்ளே துணி விட்டிருப்பார். சென்ற ஆண்டு ஒரு கருநீலச் சட்டையை நான் பிளேடால் பிரித்தபோது, வெளியே வெளுத்துச் சாம்பல் பூத்திருந்த நீலம், உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு நேற்று சாயம் தோய்த்ததைப் போல இருந்தது. பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நீர் தெளித்து இஸ்திரி போட்டதும் பெரும்பாலும் மூடிக்கொண்டன. பட்டில் அப்படி மூடாது. உள்ளிருந்து வெளிவந்த அந்தக் கருத்த கீற்று கைக்கு அடியில் வருவதால் எவர் கண்ணுக்கும் படவில்லை.

ஆயத்த ஆடையானால், ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் என்ற இயந்திரத் தையல் அடித்து அரை அங்குலத்துக்குள் வெட்டியிருப்பார்கள். பிரித்து விட எதுவும் இராது. உங்கள் தையல்காரர் மறுத்ததற்கு இது காரணமாக இருக்கலாம். பிரிக்கும் நேரத்துக்குக் கூலி கட்டாது என்பதும் இருக்கலாம். நீங்களே பக்கத்தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு, கச்சிதமாகப் பொருந்தும் அளவுக் குர்தா ஒன்றோடு கொண்டுபோங்கள். குர்தாவின் நீளத்தில் சற்றுக் குறைத்து, அந்தத் துணியையே இணைத்துப் பக்கத்துக்கொரு பட்டையாக வைக்கலாம். தைத்தபின் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் நின்றால் சுற்றளவில் 3 அங்குலம் கிடைக்கும். பட்டையை அக்குளோடு நிறுத்தாமல் கையின் அடித்தையலுக்குள்ளும் கொண்டுபோகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுக்கும்.