பெரும்போக மழை: கேட்டவர்களுக்குப் பதில்

இலங்கையில் ஒக்டோபர் மழையோடு தொடங்கும் பெரும்போக நெற்செய்கை பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. தொடங்குமுன் ஒன்று: பருவகால முன்னறிவிப்பு என்பது மூன்று மாத மழையைப் பற்றியது. இந்தத் திகதியில் மழை வருமா என்று கேட்பவர்களுக்கு அதில் பதில் கிடையாது.

வவுனியா: "இயல்பை விட அதிக மழைக்கு 45 வீதம் வாய்ப்பு" என்கிறார்கள். 45 வீதம் கூடுதலாகப் பெய்யும் என்பதா?

இல்லை. கடந்த முப்பது ஆண்டு மழையைக் குறைந்ததில் இருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி மூன்று கூறாக்குவார்கள்: குறைவு, இயல்பு, அதிகம். எதுவுமே தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். 45 என்றால் "அதிகம்" பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் 55 வீதம் மற்ற இரண்டுக்கும் இருக்கிறதே! 2010இல் இருந்து தெற்காசிய நாடுகளின் வானிலையாளர்கள் கூடி இந்த வரைபடத்தைத் தயாரிக்கிறார்கள். எங்கள் நாட்டுக்கான விபரத்தை வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும். மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்று யோசிக்க அது உதவும். விதைப்பு நாளைக் குறிக்க உதவாது.

கொழும்பு: டிசம்பர் நடுப்பகுதியில் கல்யாணம். மழை வருமா?

மேலே சொல்லிவிட்டேன். மண்டபம் பிடியுங்கள்.

கிளிநொச்சி: எல் நினோ வந்தால் வறட்சி என்று இந்தியத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். இந்தமுறை மானாவாரி விதைப்பை விட்டுவிடவா?

இதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல் நினோ என்பது பசிபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழமையை விடச் சூடாவது; குளிர்ந்தால் அது லா நினா. இந்தியச் செய்தியில் வரும் எல் நினோ எச்சரிக்கை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்துக்கானது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவது ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவத்திலும் அதற்குப் பின்னால் வரும் வடகீழ்ப் பருவத்திலும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எல் நினோ இலங்கைக்கு மழையைக் கூட்டும் பக்கமே சாய்கிறது. 1997இலும் 2015இலும் அப்படித்தான் நடந்தது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் சூடாகி, சுமாத்திரா பக்கம் குளிர்ந்தால், அதாவது "இந்து சமுத்திர இருமுனை" என்பது நேர்நிலையில் இருந்தால், அதுவும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கதை வேறு. அப்போது எல் நினோ மழையைக் குறைக்கும். காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைப் பார்த்து மின்சாரக்காரர்கள் கவலைப்படுவது அதனால்தான். ஆகவே எல் நினோ என்ற பெயரைக் கேட்டதும் விதைநெல்லை மூட்டை கட்டாதீர்கள்.

பளை: அண்ணை, அது பிழை. 2016 எல் நினோ ஆண்டு. அந்தப் பெரும்போகம் அப்படியே கருகியது. எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

தம்பி, நீங்கள் கண்டது உண்மை. காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். எல் நினோ 2016 நடுப்பகுதிக்கு முன்னமே ஓய்ந்துவிட்டது. ஆண்டு இறுதியில் இருந்தது மெல்லிய லா நினா. அதோடு இந்து சமுத்திர இருமுனை பலமான எதிர்நிலையில், சுமாத்திரா பக்கம் சூடாகி, மேகத்தை எல்லாம் அங்கே இழுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்துதான் ஒக்டோபர் மழையைக் கெடுத்தன. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

மட்டக்களப்பு: அப்படியென்றால் 2010, 2011இல் பலமான லா நினா. வறண்டிருக்க வேண்டும். 2011 ஜனவரியில் இங்கே வெள்ளம், வயலெல்லாம் அழிந்தது. உங்கள் விதி எங்கே?

நல்ல கேள்வி, இதற்காகவே காத்திருந்தேன். மாதத்தைப் பாருங்கள்: ஜனவரி. டிசம்பர் தாண்டியதும் தொடர்பு தலைகீழாகிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை லா நினா மழையைக் கூட்டும், எல் நினோ குறைக்கும். ஒரே ஆண்டின் ஒரே பெரும்போகத்துக்குள்ளேயே விதைப்புக்கால மழை ஒரு பக்கமும் கதிர்க்கால மழை மறுபக்கமும் போகலாம். எல் நினோ ஆண்டில் பிந்தி விதைத்தவர் கடைசித் தண்ணீருக்குக் குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான். "எல் நினோ நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. எந்த மாதம் என்று சேர்த்துக் கேளுங்கள்.

பளை: அப்போ 2016க்கு லா நினாதான் காரணமா, இருமுனையா? ஒன்றைச் சொல்லுங்கள்.

இருமுனைக்குக் கூடுதல் பங்கு கொடுப்பேன். அந்த லா நினா பலவீனமானது. சரி, இத்தோடு இதை விடுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருகோணமலை: அடுத்த வாரம் புயல் என்று விண்டி (Windy) வானிலைச் செயலியின் படம் ஒன்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?

பத்து நாள் தள்ளிய புயல் படத்தை நம்பாதீர்கள். ஆறு மணித்தியாலம் கழித்து அதே செயலியைத் திறந்தால் புயல் ஆந்திராவில் நிற்கும். 1978 நவம்பர் மட்டக்களப்புச் சூறாவளியைக் கண்ட தலைமுறைக்குப் பயம் இருப்பது நியாயம். அந்தப் பயத்தை வைத்து விளையாடுவதுதான் நியாயமில்லை. திணைக்களத்தின் அறிக்கையைப் பாருங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117.

பதுளை: லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு. எவ்வளவு மழைக்கு வெளியேற வேண்டும்?

இங்கே அவசரப்படாமல் எழுதுகிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறுங்கள். ஆனால் நகரத்து மழைமானியின் கணக்கு உங்கள் மலைக்குப் பொருந்தாது. ஒரு முகடு தாண்டினாலே மழை மாறும். தோட்டத்தில் ஒரு மழைமானி வையுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டால் மில்லிமீற்றரை எண்ணிக்கொண்டு இருக்கவே வேண்டாம். உங்கள் மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 மலை சரிந்தது காலை வேளையில். இரவு முழுக்க மழை என்றால் விடியும்வரை பொறுக்காதீர்கள்.

மன்னார்: ஜனவரி 20 மழை இருக்குமா?

அடுத்தவர்.

யாழ்ப்பாணம்: 100 மில்லிமீற்றர் மழை என்றால் கூரையில் இருந்து எவ்வளவு தண்ணீர் பிடிக்கலாம்?

ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றருக்கு 9,300 லீற்றர் விழும், பீலியில் சிந்துவதைக் கழியுங்கள். சுண்ணக்கல் நிலத்தில் கிணறு உவராகும் ஊர்க்காரர் இந்தக் கணக்கை எப்போதோ போட்டிருக்க வேண்டும்.

வவுனியா (மறுபடியும்): வீட்டில் மழைமானி வைத்தேன். பக்கத்து ஊரை விட எப்போதும் குறைவாகவே காட்டுகிறது. ஏன்?

மாமரத்துக்குக் கீழேயா? அதுதான் வழமை. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். சிமெந்துத் தரையில் வைத்தால் தெறித்துக் கூடும். போத்தல் என்றால் வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். காலை 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள், மழை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்ட நாளையும் மழை பெய்யாத நாளையும் பிறகு பிரித்தறிய வழியில்லை.

கொழும்பு: மண்டபம் பிடித்துவிட்டேன். ஆனாலும் மழை வருமா?

வாழ்த்துகள்.