அம்மா அறைக்கு எந்தச் சாம்பல்?

கேள்வி: எழுபதைத் தாண்டிய அம்மாவின் அறைக்குச் சாம்பல் நிறம் அடிக்க முடிவு செய்தோம். ஷேடு கார்டில் இரண்டு எடுத்திருக்கிறோம். ஒன்றில் லேசான நீலம், மற்றதில் லேசான பழுப்பு. எனக்கு முதலாவது, மனைவிக்கு இரண்டாவது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார். ஒரே ஜன்னல், வடக்குப் பார்த்தது, வெளியே மாமரம். தரை கறுப்பு கிரானைட். எதை அடிப்பது?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் விருப்பம் தெரிகிறது, மனைவியின் விருப்பம் தெரிகிறது, கடைக்காரர் சொன்னதுகூடத் தெரிகிறது. அம்மா என்ன சொன்னார்? அறையில் இருக்கப்போவது அவர்தானே. முதலில் அவரிடம் கேளுங்கள்.

ஆனால் கார்டை நீட்டிக் கேட்காதீர்கள். அந்தச் சின்னச் சதுரத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நிறத்திலும் சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டில் பிரைமர் போட்டு, இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் கருக்கும். அப்புறம் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஒவ்வொன்றாக வையுங்கள். காலையில், மதியத்தில், முக்கியமாக ராத்திரி விளக்குப் போட்ட பிறகு.

கடைக்காரர் சொன்னது தவறு. சாம்பல் தன்மேல் விழும் வெளிச்சத்தின் சாயலை அப்படியே காட்டிக்கொடுக்கும். மாமரத்தைத் தாண்டி வரும் வெளிச்சத்தில் பச்சை இருக்கும். வடக்கு ஜன்னல் என்றாலே நேர்வெயில் வராது என்பது குளிர்நாட்டுக் கணக்கு. கிருஷ்ணகிரியில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. மீதி மாதங்களில் அந்த அறைக்குப் பெரும்பாலும் வானத்தின் நீல வெளிச்சம்தான்.

கறுப்புத் தரை விழுந்த வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். வயதான கண்ணின் லென்ஸோ மஞ்சளித்து, உள்ளே விடும் வெளிச்சமும் குறைந்திருக்கும். அதனால் சாயலைவிட வெளுப்பைப் பாருங்கள். கடையில் இரண்டு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. எண் கேளுங்கள். விழும் வெளிச்சத்தில் எவ்வளவு பங்கை அந்த நிறம் திருப்பித் தரும் என்று சொல்லும் எண் அது: முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. 60க்குக் கீழே இருந்தால் இந்த அறைக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டும் அதற்கு மேலே என்றால், நான் பழுப்புச் சாயலைத்தான் சொல்வேன். வானத்து நீலமும், நீலம் கலந்த வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் டியூப்லைட்டும் சேர்ந்தால், நீலச் சாம்பல் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஆகிவிடும். அம்மா நீலச் சாயலைத்தான் காட்டினார் என்றால் அதையே அடியுங்கள். விளக்கை மட்டும் மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வினுக்கு மாற்றிவிடுங்கள்.